சிறு டிராக்டரும் புகைக்கரி வடிகட்டியும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் வேளாண் பெருமக்களும் கூடிய பயிற்சி வகுப்பில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



ஏர் மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் உழவர், மாட்டின் பல்லைப் பார்ப்பார், குளம்பைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். அதன் பின்னரே விலை பேசுவார். பல இலட்ச ரூபாய் கொடுத்து டிராக்டர் வாங்கும்போது நம்மில் பலர் அத்தனை ஆராய்ச்சி செய்வதில்லை. குதிரைத் திறன் எவ்வளவு, விலை எவ்வளவு, தவணை எவ்வளவு என்ற மூன்று வினாக்களோடு நின்றுவிடுகிறோம். நான்காவதாக ஒரு வினா உண்டு. அதுவே இன்றைய நம் பேச்சின் பொருள். “இந்த எஞ்சினின் புகைப்பாதையில் கரி வடிகட்டி இருக்கிறதா? இருந்தால் அதைப் பேணுவது எப்படி?” என்பதே அவ்வினா.

நம் ஊராட்சிகளில் இன்றுள்ள டிராக்டர்களுள் பெரும்பாலானவற்றில் இச்சாதனம் இல்லை. எனினும், வருங்காலத்தில் வாங்கப்போகும் வண்டிகளில் இது இடம்பெறக்கூடும். அமெரிக்க நாட்டிலும் ஐரோப்பாவிலும் சிறு உழவர்கள் இதனோடு பல ஆண்டுகளாகப் பழகியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் இதனால் யாதொரு தொல்லையும் அடைந்ததில்லை. சிலரோ பருவத்தின் நடுவே வண்டி நின்றுபோய்ப் பெருஞ்செலவுக்கு உள்ளாகியிருக்கிறார்கள். ஏன் இந்த வேறுபாடு என்பதை நாம் முன்கூட்டியே அறிந்துகொண்டால், ஊராட்சியின் பணமும் உழவரின் பருவமும் காப்பாற்றப்படும்.

இச்சாதனம் வந்த காரணம்

டீசல் எஞ்சின் கரும்புகை கக்குவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அப்புகையில் உள்ள கரித்துகள், முழுமையாக எரியாத எரிபொருளின் எச்சமாகும். அத்துகள் மிக நுண்ணியது. மனிதனின் தலைமயிர் ஏறக்குறைய 70 மைக்ரான் பருமன் உடையது. டீசல் கரித்துகளோ பெரும்பாலும் 1 மைக்ரானுக்கும் குறைவு. ஆகவே, மூக்கின் மயிரும் சளியும் அதனைத் தடுத்து நிறுத்த இயலுவதில்லை. அது நுரையீரலின் அடி வரை சென்று தங்குகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2012ஆம் ஆண்டு ஜூன் திங்களில், டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது.

இத்துகளைக் குறைக்க அரசுகள் வரம்பு விதித்தன. அமெரிக்காவில் 19 கிலோவாட், அதாவது சுமார் 25 குதிரைத் திறன் முதல் 50 குதிரைத் திறன் வரை உள்ள எஞ்சின்களுக்கு, 2013 முதல் கடுமையான வரம்பு நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பாவில் 2019 முதல் இவ்வகை எஞ்சின்களுக்குத் துகளின் எடைக்கு மட்டுமன்றி எண்ணிக்கைக்கும் வரம்பு விதிக்கப்பட்டது. எடைக்கு மட்டும் வரம்பு இருந்தபோது சில உற்பத்தியாளர்கள் எரிதலைத் திருத்தியே அதனை நிறைவேற்றினர். எண்ணிக்கைக்கும் வரம்பு வந்த பின்னர் வடிகட்டியின்றி அதனை நிறைவேற்றுவது அரிதாயிற்று.

அமெரிக்காவில் 25 குதிரைத் திறனுக்குக் குறைந்த எஞ்சின்களுக்கு வரம்பு இத்துணைக் கடுமையாக இல்லை. அதன் விளைவாக, அந்நாட்டுச் சந்தையில் 25க்குச் சற்றே குறைவான திறன் கொண்ட சிறு டிராக்டர்கள் பல தோன்றின. வடிகட்டி வேண்டாம் என்று கருதியவர் அவற்றை நாடினர். அதிகத் திறன் தேவைப்பட்டவர் வடிகட்டியோடு கூடிய வண்டியை வாங்கினர். வேலையின் தேவையைக் கணக்கிட்டு வண்டியைத் தேர்ந்தெடுக்கும் இம்முறை நாமும் கைக்கொள்ளத்தக்கது.

நம் நாட்டில் டிராக்டர்களுக்கு ‘டிரெம்’ என்னும் தனி வரம்பு நிலைகள் உள்ளன. 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு நான்காம் நிலை 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாம் நிலை 2018இல் அறிவிக்கப்பட்டது. அதன் நடைமுறைத் தேதி பின்னர் தள்ளிவைக்கப்பட்டது. இந்நிலைகளுக்கு இடையே உள்ள தூரத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். 25 முதல் 50 குதிரைத் திறன் வரை உள்ள எஞ்சினுக்கு, மூன்றாம் நிலையில் ஒரு கிலோவாட் மணி வேலைக்கு 0.6 கிராம் துகள் வரை அனுமதி உண்டு. ஐந்தாம் நிலையிலோ 0.015 கிராம்தான் அனுமதி. அதாவது, நாற்பதில் ஒரு பங்கு. எஞ்சினை மட்டும் சீர்திருத்தி இவ்வளவு குறைப்பது கடினம். ஆகவேதான் வடிகட்டி வருகிறது. வாங்குகின்ற நாளில் எந்த நிலை நடப்பில் உள்ளது என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்வது நலம்.

அது வேலை செய்யும் விதம்

வெளியே இருந்து பார்த்தால் இச்சாதனம் சற்றுப் பருத்த சைலன்சரைப் போலத் தோன்றும். உள்ளே தேனடை போன்ற பீங்கான் கட்டி ஒன்று உண்டு. அதில் ஆயிரக்கணக்கான நுண்ணிய குழல்கள் நெடுக்கே செல்கின்றன. ஒரு குழலின் முன்வாய் திறந்து பின்வாய் அடைபட்டிருக்கும்; அடுத்த குழலின் முன்வாய் அடைபட்டுப் பின்வாய் திறந்திருக்கும். ஆகவே, உள்ளே நுழையும் புகை வெளியேற வேண்டுமாயின் குழலின் சுவரை ஊடுருவியே செல்லவேண்டும். சுவரின் நுண்துளைகள் காற்றை விட்டுக் கரியைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மாவு சலிக்கும் சல்லடையைப் போன்றதே இது. கரியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இவ்வாறு தங்கிவிடுகிறது.

சல்லடையில் தங்கிய உமியை அவ்வப்போது தட்டாவிட்டால் மாவு இறங்காது அல்லவா? அதுபோலவே, தேங்கிய கரியை அகற்றாவிட்டால் புகை வெளியேற வழியின்றி எஞ்சின் திணறும். இக்கரியைத் தட்டி அகற்ற இயலாது, எரித்தே அகற்றவேண்டும். இச்செயலைப் பொறியாளர்கள் ‘ரீஜெனரேஷன்’ என்பர். நாம் அதனைக் ‘கரி எரிப்பு’ என்று அழைப்போம். இது மூன்று வகைப்படும்.

முதலாவது, தானே நிகழும் எரிப்பு. எஞ்சின் நல்ல பாரத்தோடு உழைக்கும்போது புகை 250 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறுகிறது. வடிகட்டிக்கு முன்னே உள்ள வினையூக்கிப் பகுதி, புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடை மாற்றி, கரியை மெல்ல மெல்லத் தின்னும் வாயுவாகச் செய்கிறது. ஓட்டுநருக்குத் தெரியாமலே துப்புரவு நடந்துவிடுகிறது.

இரண்டாவது, வண்டி தானே தொடங்கும் எரிப்பு. கரி ஒரு குறிப்பிட்ட அளவை எட்டியதும், வண்டியின் மின்னணுக் கருவி சிறிதளவு டீசலை மிகுதியாகச் செலுத்துகிறது. அது வினையூக்கிப் பகுதியில் எரிந்து, வெப்பத்தை ஏறக்குறைய 600 பாகைக்கு உயர்த்துகிறது. கரி எரிந்து வாயுவாக வெளியேறுகிறது. வண்டி வேலையில் இருக்கும்போதே இது நடைபெறும்.

மூன்றாவது, வண்டியை நிறுத்தி வைத்துச் செய்யும் எரிப்பு. மேற்கூறிய இரண்டும் போதாதபோது விளக்கு எரிந்து ஓட்டுநரை எச்சரிக்கிறது. அவர் வண்டியைத் தகுந்த இடத்தில் நிறுத்திப் பொத்தானை அழுத்தவேண்டும். எஞ்சின் தானே வேகம் பிடித்து, அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஓடிக் கரியை எரித்து முடிக்கும். இதனையும் செய்யாமல் விட்டால் எஞ்சினின் திறன் தானாகவே குறைக்கப்படும். அதற்கும் அசையாமல் ஓட்டினால், பணிமனை ஆட்கள் கணிப்பொறியோடு வந்தாலன்றி வண்டி நகராது; சில வேளைகளில் வடிகட்டியையே மாற்றவேண்டி வரும்.

குற்றம் எங்கே?

இப்போது முன்னர்க் கூறிய வேறுபாட்டின் காரணம் விளங்கும். ஒரே வகையான இரண்டு டிராக்டர்களை எடுத்துக்கொள்வோம்.

முதல் டிராக்டர் உழவரிடம் இருக்கிறது. அது காலை முதல் மாலை வரை ரொட்டவேட்டர் போட்டு வயலில் தொளி கலக்குகிறது. எஞ்சின் முழு வேகத்தில் முழுப் பாரத்தோடு உழைக்கிறது. புகை நன்கு சூடேறி, கரி சேரச் சேர எரிந்துகொண்டே இருக்கிறது. இடையில் வண்டி தானே எரிப்பைத் தொடங்கினாலும், வேலை நீண்ட நேரம் நடப்பதால் அது முழுமையாக முடிகிறது. இவருக்கு வடிகட்டி இருப்பதே நினைவில் இராது.

இரண்டாவது டிராக்டர் ஊராட்சியில் இருக்கிறது. அது டிரெய்லரை இழுத்துக்கொண்டு தெருத் தெருவாகக் குப்பை எடுக்கிறது. ஒவ்வொரு தெருமுனையிலும் நிற்கிறது. தூய்மைக் காவலர்கள் குப்பையை ஏற்றும் வரை எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னர் ஒரு கிலோமீட்டர் சென்று குப்பையைக் கொட்டிவிட்டுத் திரும்புகிறது. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்து கொட்டகைக்குள் போகிறது. அதன் புகை ஒருநாளும் போதிய சூடு அடைவதில்லை. எரிப்பு தொடங்கினாலும், பாதியிலேயே ஓட்டுநர் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிடுகிறார். மறுநாளும் அவ்வாறே. கரி நாளுக்கு நாள் ஏறுகிறது. ஒருநாள் வண்டி நின்றுவிடுகிறது. “சாதனம் சரியில்லை” என்ற பேச்சு எழுகிறது.

சாதனம் ஒன்றே, வேலைதான் வேறு. வெளிநாடுகளில் வீட்டுப் புல்வெளி வெட்டவும், பனி ஒதுக்கவும், சிறு சுமைகளைத் தூக்கவும் இச்சிறு டிராக்டர்கள் பெரிதும் பயன்படுகின்றன. அரை மணி, ஒரு மணி என்று விட்டுவிட்டு ஓடும் அவ்வேலைகளே வடிகட்டிக்குப் பகையாகின்றன. பீங்கான் கட்டி உறுதியான பொருள்தான். அதனை நாள்தோறும் அரைச் சூட்டில் வைத்திருப்பதே கேடு.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. வடிகட்டி அடைத்துக்கொள்வது பல வேளைகளில் நோயன்று, நோயின் அறிகுறி. காற்று வடிகட்டியில் புழுதி அடைத்திருந்தாலும், இன்ஜெக்டர் சொட்டினாலும், டர்போவில் ஆயில் கசிந்தாலும், தெர்மோஸ்டாட் பழுதாகி எஞ்சின் சூடேறாவிட்டாலும் கரி அளவுக்கு மீறி உண்டாகும். வடிகட்டியின் அழுத்தத்தை அளக்கும் சிறு குழாய் விரிந்தோ அடைபட்டோ போனாலும், நல்ல வடிகட்டி கெட்டதாகக் காட்டப்படும். ஆகவே, “வடிகட்டியை மாற்றவேண்டும்” என்று பணிமனையில் கூறினால், “அது ஏன் அடைத்தது?” என்ற வினாவை முதலில் கேளுங்கள். காரணத்தைக் களையாமல் புதியதைப் பொருத்தினால், அதுவும் விரைவில் அடைத்துக்கொள்ளும், செலவு இரட்டிக்கும்.

ஓட்டுநர் கைக்கொள்ள வேண்டியவை

இச்சாதனத்தின் ஆயுள் பெரும்பாலும் ஓட்டுநரின் கையில் இருக்கிறது. அவருக்குக் கற்பிக்க வேண்டியவை சிலவே. ஆனால், ஒன்றையும் விடலாகாது.

எஞ்சினைச் சும்மா ஓடவிடக்கூடாது. சில நிமிடங்களுக்கு மேல் நிற்கவேண்டுமானால் நிறுத்திவிடவேண்டும். டர்போ உள்ள எஞ்சினாயின், கடும் உழைப்புக்குப் பின் சிறிது நேரம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துவது வேறு செய்தி, அது தேவையானதே.

மெல்லிய வேலையே வாய்க்கும் வண்டிக்கு, வாரத்தில் ஒருமுறையேனும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கடும் வேலை கொடுக்கவேண்டும். வரத்துக் கால்வாய் ஓரத்தைச் சமன்செய்வது, ஊராட்சி நிலத்தை உழுவது, நிறை சுமை இழுப்பது போன்றவை அதற்குப் பொருத்தமானவை. நல்ல வேகத்தில் ஓட்டவேண்டும்.

எரிப்பு நடைபெறுகையில் விளக்கு எரியும். புகைக்குழாயிலிருந்து மிகுந்த வெப்பம் வீசும். சில வேளை எஞ்சின் ஒலியும் வேறுபடும். அவ்வேளையில் வண்டியை நிறுத்தக்கூடாது. வேலை முடிந்திருந்தாலும் எரிப்பு முடியும் வரை ஓடவிடவேண்டும். பாதியில் நிறுத்தப்படும் ஒவ்வோர் எரிப்பும் டீசலை வீணாக்குகிறது. கரியையும் முழுதாக அகற்றுவதில்லை.

நெருப்பைப் பற்றிய எச்சரிக்கை தனியே கூறத்தக்கது. எரிப்பின்போது குழாய் மருங்கில் உள்ள வெப்பம் காய்ந்த வைக்கோலைப் பற்றவைக்கப் போதுமானது. வைக்கோற்போர், நெற்களம், கூரைக் கொட்டகை, சருகு நிறைந்த குப்பைமேடு ஆகியவற்றின் அருகே எரிப்பு நடைபெறலாகாது. அத்தகைய இடங்களில் எரிப்பைத் தற்காலிகமாகத் தடுக்கும் பொத்தான் பல வண்டிகளில் உண்டு. அங்கிருந்து நகர்ந்ததும் அத்தடையை நீக்கிவிடவேண்டும். தடையை நிரந்தரமாகப் போட்டு வைப்பது, ஓடும் நீரைத் தடுத்துக் கரையை உடைப்பதற்கு ஒப்பாகும். நிறுத்தி வைத்துச் செய்யும் எரிப்பை வெறுந்தரையில், திறந்த வெளியில், கியரை விடுவித்துக் கை பிரேக் போட்டுச் செய்யவேண்டும். குழந்தைகளை அருகே விடக்கூடாது. வடிகட்டியின் மீதும் சுற்றிலும் ஒட்டிய பதர், தாள், தூசு ஆகியவற்றை நாள்தோறும், எஞ்சின் ஆறியிருக்கும்போது துடைத்தெடுக்கவேண்டும்.

கடைசியாக, குறிப்பேடு. ஊராட்சி வண்டிக்கு நாட்குறிப்பு வைக்கும் வழக்கம் நமக்கு உண்டு. அதில் இன்னும் ஒரு பத்தியைச் சேருங்கள். ஒவ்வொரு முறை எரிப்பு நடந்தபோதும் தேதி, மணி மீட்டர் காட்டிய எண், எரிப்பு முடிந்ததா இல்லையா என்பவற்றை ஓட்டுநர் எழுதட்டும். முன்பு நீண்ட இடைவெளிக்கு ஒருமுறை எரித்த வண்டி, இப்போது அதில் பாதி இடைவெளிக்கே எரிப்பு கேட்குமானால், எங்கோ பழுது தொடங்கிவிட்டது என்று பொருள். விளக்கு எரிந்து வண்டி நிற்பதற்கு வெகுநாள் முன்பே இவ்வேடு உங்களுக்குச் சேதி சொல்லிவிடும். உத்தரவாதக் காலத்தில் விற்பனை முகவரோடு வழக்காடவும் இதுவே சான்று.

டீசலும் ஆயிலும்

2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் பி.எஸ்.6 டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் 10 பங்குக்கு மேல் இராது. அதற்கு முந்திய பி.எஸ்.4 டீசலில் 50 பங்கு வரை இருந்தது. வடிகட்டியும் வினையூக்கியும் வாழ்வதற்குக் கந்தகம் குறைந்த இந்த டீசலே அடிப்படை. மண்ணெண்ணெய் கலந்த டீசலையும், எங்கிருந்து வந்தது என்று தெரியாத மலிவு எரிபொருளையும் ஊற்றினால், கந்தகம் வினையூக்கியின் ஆற்றலைக் கெடுத்துவிடும். பின்னர் எரிப்பே சரிவர நடவாது. லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் வடிகட்டியை இழப்பது அறிவுடைமையாகாது. கேனில் டீசல் வைத்திருப்போர் கேனைத் தூய்மையாகவும் நீர் புகாமலும் வைக்கவேண்டும்.

எஞ்சின் ஆயிலில் நாம் பெரும்பாலும் கவனம் செலுத்துவதில்லை. ஆயிலில் கலந்துள்ள கால்சியம், துத்தநாகம் முதலிய பொருள்கள் எரிந்தால் சாம்பலாகும். ஆகவே, வடிகட்டி உள்ள எஞ்சினுக்குச் சாம்பல் குறைந்த ஆயிலே வேண்டும். கையேட்டில் எந்த வகை குறித்திருக்கிறதோ அதனையே வாங்கவேண்டும். பெட்டியின் மேல் சி.ஜே.-4 அல்லது சி.கே.-4 என்ற குறி உள்ள ஆயில்களில் சாம்பல் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பது விதி. பழைய டிராக்டருக்கு ஊற்றிய ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று புதிய வண்டியில் ஊற்றிவிடக்கூடாது.

நாள்தோறும் ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்கும்போது, மட்டம் குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது நம் வழக்கம். இவ்வண்டியில் மட்டம் ஏறியிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். எரிப்புக்காகச் செலுத்தப்படும் டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலோடு கலப்பதுண்டு. எரிப்புகள் அடிக்கடி பாதியில் நிறுத்தப்பட்டால் இக்கலப்பு மிகும். ஆயில் நீர்த்துப்போனால் எஞ்சினின் உறுப்புகள் தேயும். மட்டம் மேற்கோட்டைத் தாண்டியோ, ஆயில் டீசல் மணத்தோடோ காணப்பட்டால், காலம் வருமுன்னரே ஆயிலை மாற்றிவிடவேண்டும்.

சாம்பலைத் துப்புரவாக்குதல்

கரி எரியும், சாம்பல் எரியாது. அடுப்பை எத்தனை முறை மூட்டினாலும் சாம்பலை வாரி எடுத்துத்தானே ஆகவேண்டும்? அதுபோல, நெடுங்காலத்துக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழற்றிச் சாம்பலை அகற்றவேண்டியிருக்கும். அமெரிக்க விதிப்படி, 130 கிலோவாட்டுக்குக் குறைந்த எஞ்சின்களில் இவ்வேலை 3,000 மணி நேரத்துக்கு முன்னர்த் தேவைப்படும்படி உற்பத்தியாளர் அட்டவணை வகுக்கலாகாது. ஆண்டுக்கு 500 மணி நேரம் ஓடும் டிராக்டருக்கு இது ஆறு ஆண்டுகளாகும். நம் நாட்டு வண்டிகளுக்கு அவற்றின் கையேட்டில் உள்ள கணக்கையே கொள்ளவேண்டும்.

இத்துப்புரவை இதற்கென அமைந்த பொறியைக் கொண்டு, அழுத்தக் காற்றாலும் வெப்பத்தாலும் செய்கின்றனர். இது தெருமுனைப் பட்டறையில் செய்யும் வேலையன்று. கம்பி விட்டுக் குத்துதல், சுத்தியால் தட்டுதல், நீரைப் பீச்சுதல் ஆகியவை பீங்கான் சுவரை உடைக்கும். உடைந்த வடிகட்டி அடைக்காது என்பது உண்மைதான். ஆனால், அது வடிகட்டவும் செய்யாது. சாம்பலோ மூச்சில் கலந்தால் தீங்கு விளைவிக்கும்.

வடிகட்டி நலமாக இருக்கிறதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. எஞ்சின் நன்கு ஆறியபின் புகைக்குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். நலமான வடிகட்டி உள்ள வண்டியில் துணி பெரும்பாலும் கறுக்காது. கன்னங்கரேலென்று கரி ஒட்டினால், வடிகட்டி விரிந்திருக்கிறது. அல்லது எவரோ அதன் உள்ளே உள்ளதை எடுத்துவிட்டார்கள் என்று கருதலாம். பழைய வண்டி வாங்குவோர் இச்சோதனையைத் தவறாது செய்யவேண்டும்.

கழற்றி எறிந்தால் என்ன?

“இத்தனை தொல்லை எதற்கு? உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு வெறுங்கூட்டைப் பொருத்திவிட்டால் போகிறது” என்று கூறுவோர் எங்கும் உண்டு. இந்த யோசனையை நேர்மையாகவே ஆராய்ந்து பார்ப்போம்.

வண்டியின் மின்னணுக் கருவி வடிகட்டியின் இருபுறத்து அழுத்தத்தையும் வெப்பத்தையும் இடைவிடாது அளக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லையென்றால் அது கண்டுகொள்ளும். அதனை ஏமாற்ற வேண்டுமாயின் கருவியின் உள்ளமைப்பையும் மாற்றவேண்டும். ஒருமுறை அவ்வாறு மாற்றிய வண்டிக்கு உற்பத்தியாளரின் உத்தரவாதம் நிலைக்காது. பின்னர் எந்தப் பழுது நேரினும் முழுச் செலவும் உரிமையாளரையே சாரும். அன்றியும், உற்பத்தியாளர் வகுத்த அமைப்பை இவ்வாறு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடை செய்கிறது. தனியார் செய்வதே தவறாகும்போது, பொதுப்பணத்தில் வாங்கிய ஊராட்சி வண்டியில் அதனைச் செய்ய நாம் எவ்வாறு இசைய முடியும்?

இவற்றினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. குப்பை வண்டியின் பின்னால் நாள்தோறும் நடப்பவர் யார்? தூய்மைக் காவலர்கள். அவர்களுள் பெண்களே மிகுதி. வண்டி நிற்க, எஞ்சின் ஓட, அப்புகையின் நடுவே நின்றுதான் அவர்கள் குப்பையை ஏற்றுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் அதே புகையைச் சுவாசிக்கிறார்கள். வடிகட்டி காப்பது முதலில் அவர்களுடைய நுரையீரலை, அடுத்து, ஓட்டுநருடையதை, அதற்கடுத்து, வீட்டு வாசலில் விளையாடும் நம் குழந்தைகளுடையதை. பராமரிப்புச் செலவைக் கணக்கிடும்போது இவ்வரவையும் சேர்த்தே கணக்கிடவேண்டும்.

வாங்குவதற்கு முன்

ஆகவே, ஊராட்சி மன்றத்தில் டிராக்டர் வாங்கத் தீர்மானம் நிறைவேற்றும் முன், வண்டிக்கு என்ன வேலை இருக்கிறது என்பதைத் தாளில் எழுதிக் கணக்கிடுங்கள். நாளொன்றுக்கு எத்தனை மணி? அதில் பாரத்தோடு எத்தனை மணி? நின்றபடி எத்தனை மணி? குப்பை எடுப்பது ஒன்றே வேலையாயின், பெரிய டிராக்டர் வாங்குவது வீண். தெருக்கள் குறுகியும் தூரம் குறைந்தும் உள்ள ஊர்களுக்கு மின்கல வண்டியே போதும். டிராக்டர்தான் வேண்டுமென்றால், தேவைக்கு மேற்பட்ட திறன் வேண்டாம். பெரிய எஞ்சினைச் சிறு வேலையில் ஈடுபடுத்துவதைவிடச் சிறிய எஞ்சினை நன்கு உழைக்க வைப்பது மேலானது. உழவுக்கும் சேர்த்து வாங்கும் உழவர் குழுக்கள் வடிகட்டியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

பின்னர், விற்பனை முகவரிடம் ஏழு வினாக்களுக்கு எழுத்து மூலம் விடை பெறுங்கள். எஞ்சின் எந்த ‘டிரெம்’ நிலையைச் சார்ந்தது? புகைப்பாதையில் கரி வடிகட்டி உண்டா, வினையூக்கி மட்டும் உண்டா? நிறுத்தி வைத்துச் செய்யும் எரிப்பை ஓட்டுநரே செய்ய இயலுமா, பணிமனை ஆள் வரவேண்டுமா? வடிகட்டிக்கு எத்தனை ஆண்டு, எத்தனை மணி நேர உத்தரவாதம்? சாம்பல் துப்புரவுக்கும் புதிய வடிகட்டிக்கும் என்ன விலை? கணிப்பொறி வசதியுள்ள பணிமனை எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது? ஓட்டுநருக்கு யார், எத்தனை நாள் பயிற்சி அளிப்பர்? இவற்றுக்குத் தெளிவான விடை தர இயலாத முகவரிடம், விலை குறைவு என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள்.

நிற்க. வாங்கியபின் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. வடிகட்டியின் துப்புரவுச் செலவு நெடுநாள் கழித்து ஒரே தொகையாக வரும். அந்நாளில் திகைக்காமல் இருக்க, வண்டி ஓடும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு சிறு தொகை வீதம் கணக்கிட்டு, வரவு செலவுத் திட்டத்தில் ஆண்டுதோறும் ஒதுக்கி வைத்தல் வேண்டும். வாடகைக்கு விடும் உழவர் குழுக்கள் அத்தொகையை வாடகையிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

பெருமக்களே! மாட்டுக்குத் தீனியும் நீரும் வைப்பதோடு, லாடம் கட்டவும் கொட்டிலைக் கூட்டவும் நம் முன்னோர் தவறியதில்லை. இயந்திரமும் அத்தகைய கவனத்தையே கேட்கிறது. நல்ல டீசல், உரிய ஆயில், முழுமையான எரிப்பு, தவறாத குறிப்பேடு ஆகிய இந்நான்கையும் கடைப்பிடித்தால் வடிகட்டியால் வண்டி நிற்கும் நிலை பெரும்பாலும் நேராது. உங்கள் ஊராட்சியின் அடுத்த கூட்டத்திற்கு ஓட்டுநரையும் அழைத்து, இச்செய்திகளை அவரோடு கலந்து பேசுமாறு கேட்டுக்கொள்கிறோம். டிராக்டர் வாங்க எண்ணியுள்ள ஊராட்சிகள், வேலைக் கணக்கையும் முகவரின் விடைகளையும் எடுத்துக்கொண்டு வட்டார அலுவலகத்திற்கு வருவீர்களாயின், வேளாண்மைப் பொறியியல் துறையினரையும் உடன் வைத்துக்கொண்டு ஆராய்ந்து ஆலோசனை கூற ஆயத்தமாக இருக்கிறோம்.